ஹெப்சி குடும்பம்

போன வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஹெப்சிக்கும் அவள் புருஷனுக்கும் திருமண நாள் வாழ்த்து வந்தது. அதைப் போட்டது மனிதர் யாரும் இல்லை. சபையின் இணையதளத்தோடு இணைத்திருந்த ஒரு பிளக்-இன், அதாவது தளத்தில் சொருகிக்கொள்கிற ஒரு சின்ன மென்பொருள், நேரம் பார்த்துத் தானாகப் போட்டது. அதற்குக் கீழே ஹெப்சி நான்கு வரி எழுதினாள். அந்த நான்கு வரியை எடுக்கச் சொல்லி சபைக் கமிட்டி கெஞ்சியது, மிரட்டியது, கடைசியில் சமோசா வாங்கிக் கொடுத்தும் பார்த்தது. அவர்கள் சொன்னதற்காக அவள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேட்கிற முகங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் ஒருமுறை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் ஏஞ்சல். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் பாடகர் குழுவில் ஹெப்சிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். குரல் எனக்குச் சுமார்தான், கோபம் மட்டும் நன்றாக வரும். ஹெப்சிக்கு இரண்டும் நேர் மாறு. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சொன்னதையே திரும்பச் சொல்வாள், அவ்வளவுதான். அதைவிட நான்கு வசவு வாங்கிக்கொள்ளலாம்.

முடிச்சூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில் பணிமனையில் ஃபிட்டர். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு மேற்கு தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனிக்கு ஒரு வெப்சைட் இருந்தது. செய்து கொடுத்தவன் வேளச்சேரியில் இருந்தான். போன் நம்பரில் ஒரு எண் தப்பு என்றால் அவனுக்குப் போன் போட்டு, அவன் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, மாற்றித்தருவதற்குள் பண்டிகை சீசனே முடிந்துவிடும். ஒருநாள் ஹெப்சி முதலாளியிடம், "சார், பாஸ்வேர்ட் குடுங்க, நானே பார்க்கிறேன்" என்றாள். உள்ளே போனால் கடிதம் அடிக்கிற மாதிரிதான் இருந்தது. இடது பக்கம் பக்கங்கள், படங்கள், பிளக்-இன்கள் என்று ஒரு வரிசை. எதைத் தட்டினால் எது மாறுகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். வகுப்பு எதற்கும் போகவில்லை.

ஃபிரெடியைக் கட்டிக்கொண்டது எங்கள் சபையில்தான். மெடிக்கல் ரெப். பளிச்சென்று உடுத்துவான், கிறிஸ்துமஸ் பாட்டுக்குத் தனிக்குரலில் பாடுவான். அவன் அம்மா தபீதாள் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். மேடையில் நின்ற ஜோடியைப் பார்த்து, பொருத்தம் என்றால் இதுதான் என்று எல்லோரும் சொன்னோம். என் வாயும் சேர்த்துத்தான்.

2015 வெள்ளத்தில் முடிச்சூரில் அவள் அம்மா வீடு முதல் மாடி வரை முங்கியது. சபை மண்டபம் முகாம் ஆனது. ஹெப்சி ஒரு மூலையில் உட்கார்ந்து, படகு யாரிடம் இருக்கிறது, பால் பவுடர் எங்கே கிடைக்கும் என்று சபைத் தளத்தில் ஒரு பக்கம் போட்டாள். அதை அடுத்தவருக்கு அனுப்ப வழி இல்லை. ஆளாளுக்கு நம்பரைக் கையால் எழுதி அனுப்பினார்கள். எங்கோ ஒரு எண் மாறிப்போய், செம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் ஊரே படகு கேட்டது. பாவம், அவர் கடையை மூடிவிட்டுப் போனை அணைத்துவைத்தார். "ஒரு ஷேர் பட்டன் இருந்திருந்தா இவ்ளோ பேஜார் இல்லக்கா" என்று அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னாள். அந்தப் பட்டன் மேல் அவளுக்கு வந்த பற்று அங்கே ஆரம்பித்தது.

வெள்ளம் வடிந்த பிறகு கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு முகமே இல்லை. "அப்பவே சொல்லியிருக்கு பாருங்கக்கா, எனக்குத்தான் புரியல" என்று இப்போது சிரிப்பாள். அப்போது சிரிக்கவில்லை. அப்போதே அவன் கை நீட்ட ஆரம்பித்திருந்தான். முதலில் லேப்டாப் சுவரில் மோதியது. பிறகு அவள். அவள் மறைக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்கு இருந்த போதகரிடம் சொன்னாள். சபைச் செயலாளர் தனசிங் சாரிடம் சொன்னாள். மாமியாரிடம் சொல்லவே வேண்டியதில்லை, அவர் அதே வீட்டில்தான் இருந்தார். ஜெபம் பண்ணும்மா, பொறுமையா இரும்மா, வேலை டென்ஷன்மா என்று ஆளுக்கொரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். 2020 ஊரடங்கில் ஒரு மத்தியானம், மகள் ஜெரூஷாவைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ ஓடாததால் நடந்தே அம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பிப் போகவில்லை. ஃபிரெடி ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். கோர்ட்டில் விவாகரத்து வழக்கு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது.

அவள் பெருங்களத்தூரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து, வீட்டிலிருந்தே வெப்சைட் வேலையை முழுநேரமாக ஆரம்பித்தாள். பள்ளிக்கரணையில் ஒரு பல் டாக்டர், ஒரு டியூஷன் சென்டர், கோவளத்தில் மீன் விற்கிற சவுரிமுத்து. இந்த சவுரிமுத்து அண்ணன் கேட்ட கேள்வியை அவள் எல்லோரிடமும் சொல்வாள். அவர் தளத்தில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் என்று பட்டன்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டாளாம். "எல்லாத்தையும் போடு தங்கச்சி. அந்த நீலக்கலர் இன்னா, வேலைக்கு ஆள் எடுக்குறதா? அதுவும் கீது இல்ல, போடு" என்றாராம். அவளும் போட்டாள். மறுநாள் காலையிலேயே போன். "தங்கச்சி, பட்டன் எல்லாம் சூப்பரா கீது. ஆனா வஞ்சிரம் படத்து மேலயே வந்து குந்திகினு கீதே, மீனைப் பார்ப்பானா பட்டனைப் பார்ப்பானா?" அதிலிருந்து ஹெப்சிக்கு ஒரு வழக்கம். யார் எந்த பிளக்-இன் கேட்டாலும், "போட்டுடலாம். போட்ட பிறகு இதுல வர்றதை யார் பார்ப்பீங்க?" என்று கேட்பாள். பதில் இல்லை என்றால் போடமாட்டாள்.

இனி சபை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு அட்டை உண்டு. ஞானஸ்நானம், பிள்ளைகள் வளர்ந்ததும் நடக்கிற திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம் எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான். அட்டையில் குடும்பத் தலைவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்துதான் செல்லும். ஹெப்சியின் அட்டையில் தலைவர் ஃபிரெடி. அவள் மனைவி, ஜெரூஷா மகள். வீட்டை விட்டு வந்த வருஷத்திலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எனக்கும் என் மகளுக்கும் தனியாக ஒரு அட்டை கொடுங்கள். தனசிங் சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எதையும் மறுத்துச் சொல்ல மாட்டார், செய்யவும் மாட்டார். "பார்க்கலாம்மா" என்பார். போன வருஷம் மே மாதம் சன்டே ஸ்கூல் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு முகாம் அழைத்துப்போனார்கள். ஜெரூஷா பையெல்லாம் கட்டிவிட்டாள். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஹெப்சி தன் கையெழுத்தைப் போட்டாள். செல்லாது என்றார்கள். மகளை வளர்க்கிறவளின் கையெழுத்தையா கேட்டார்கள்? இல்லை, மகளின் அம்மாவை அடித்தவனின் கையெழுத்தைக் கேட்டார்கள். ஜெரூஷா போகவில்லை. பஸ் கிளம்பிய பிறகு பையிலிருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து அவளே பீரோவில் மடித்துவைத்தாளாம்.

அதே அட்டைகளை வைத்துத்தான் பிறந்த நாள், திருமண நாள் பட்டியலும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்த வாரத்துக்காரர்களின் பெயர்களை தனசிங் சார் வாசிப்பார். திருமண நாள்காரர்கள் ஜோடியாகப் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். நாங்கள் ஒரு பாட்டுப் பாடுவோம், போதகர் ஜெபம் செய்வார். ஹெப்சி தன் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னபோது தனசிங் சார் சொன்ன பதில் இது: "எடுத்தா பிரிவுக்கு நாமளே ஆமென் சொன்ன மாதிரி ஆகிடும்மா. இருக்கட்டும். விசுவாசத்தோட வெச்சிருக்கேன். ஆனா வாசிக்க மாட்டேன், கவலைப்படாதே." அப்படியே செய்தார். ஒவ்வொரு ஜூனிலும் அந்த வரி வரும்போது ஒரு சின்ன இருமல், அடுத்த பெயர். சபை முழுக்கத் தெரியும் அந்த இருமல் யாருக்கு என்று. ஹெப்சி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்த நிலையில் கமிட்டிக்கு சோஷியல் மீடியா ஆசை வந்தது. சேலையூர்ப் பக்கம் ஒரு சபைக்கு ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்ஸாம். நம் தளத்தைப் பார்த்தால் புதைகுழிக் கட்டண விவரம்தான் முதலில் வருகிறது. ஹெப்சியைக் கூப்பிட்டார்கள். அவள் வழக்கம்போல, "போட்டுடலாம் சார். யார் பார்ப்பீங்க?" என்று கேட்டாள். "நீதாம்மா" என்றார்கள். சம்பளம் கிம்பளம் ஒன்றும் இல்லை, ஊழியம். அவளும் ஒப்புக்கொண்டாள். முதலில் முழுத் தளத்தையும் ஒரு நகல் எடுத்துவைத்தாள். ஷேர் பட்டன்கள் போட்டாள். ஃபேஸ்புக்கில் வருகிற பதிவும் அதன் கீழ் வருகிற கருத்துகளும் தளத்தின் முகப்பிலேயே தெரிகிற மாதிரி ஒன்று. ஞாயிறு ஆராதனை நேரலைக்கு ஒரு லிங்க். கடைசியாக, பட்டியலைப் பார்த்து அந்தந்த நாளில் தானாகவே வாழ்த்துப் போடுகிற பிளக்-இன். இது தனசிங் சார் கேட்டு வாங்கியது. பட்டியலை அவரே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார். குடும்பப் படங்கள் பொன்விழா மலருக்கு எடுத்தது இருந்தது.

"சார், என் திருமண நாளை எடுத்துட்டீங்களா?" என்று ஹெப்சி கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அதெல்லாம் பார்த்துட்டேன்மா" என்றார்.

பார்த்திருப்பார், அதில் பொய் இல்லை. பார்த்துவிட்டு விசுவாசத்தோடு விட்டுவிட்டார். மனிதர் வாசித்தால் இருமுவார். பிளக்-இன்னுக்கு இருமத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. காலையில் போனைத் திறந்தால் ஹெப்சியின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஃபிரெடி சிரிக்கிறான். 'இன்று திருமண நாள் காணும் திரு. ஃபிரெடி, திருமதி ஹெப்சி ஃபிரெடி தம்பதியரைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.' கீழே நாகர்கோவிலிலிருந்தும் துபாயிலிருந்தும் மலர்க்கொத்துகள், கூப்பிய கைகள், அழகான ஜோடி, அன்பான குடும்பம். இந்தச் சபையை விட்டுப் போய்ப் பத்து வருஷமானவர்களுக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்களும் சிலர் லைக் போட்டிருந்தார்கள். அவர்கள் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஃபிரெடியே எழுதியிருந்தான்: 'தேவனுக்கு ஸ்தோத்திரம். இன்றும் என் ராணி.' கூடவே ஒரு இதயம்.

நான் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துப் பெருங்களத்தூருக்குப் போனேன். ஹெப்சி சமையலறையில் ஜெரூஷாவின் டிபன் பாக்ஸுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியாடி?"

"பார்த்தேங்க்கா. இவளை வேன்ல ஏத்திட்டு வர்றேன்."

ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான், உடனே பதிவைத் தூக்கு என்றேன். நிர்வாகி அவள்தானே, ஒரு தட்டு தட்டினால் போய்விடும். அவள் மவுஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்த 'ராணி'யையே பார்த்தாள்.

"தூக்கினா என்ன ஆகும்க்கா? அடுத்த ஜூன்ல திரும்ப இருமுவாங்க" என்றாள். பிறகு பதிவுக்குக் கீழே, தன் சொந்தப் பெயரில் அடித்தாள். யோசித்து அடித்த மாதிரியே இல்லை. நான்கு வருஷமாக உள்ளேயே எழுதிவைத்திருந்ததைப் பார்த்து எழுதுகிற மாதிரி இருந்தது.

'வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி.
நானும் இவரும் ஒன்றாக இல்லை. நான் வீட்டை விட்டு வந்து நான்கு வருஷம் ஆகிறது.
இவர் என்னை அடித்தார். சபையில் சொல்ல வேண்டியவர்களிடம் அப்போதே சொன்னேன்.
ஹெப்சி, இந்த இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவள்.'

அனுப்பிய சில நிமிஷத்தில் அது சபைத் தளத்தின் முகப்பிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படி வரும்படி அமைத்தது அவளேதான். பக்கத்தில் ஷேர் பட்டன் தயாராக இருந்தது. முதலில் அதை அழுத்தியவள் நான்.

அடுத்த போன் தனசிங் சாருடையது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹெப்சிம்மா, அந்த கமென்ட்டை உடனே எடுத்துடு."

"போஸ்ட்டை எடுக்கச் சொல்ல மாட்டீங்களா சார்?"

"போஸ்ட்ல என்னம்மா தப்பு? அது வாழ்த்து."

"கமென்ட்ல என்ன சார் தப்பு? எந்த வரி பொய்யின்னு சொல்லுங்க, அந்த வரியை எடுத்துடறேன்."

"நம்ம சபை மானம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

"எனக்கும் மகளுக்கும் அட்டை குடுங்க சார். அட்டை கைக்கு வந்தா போஸ்ட், கமென்ட் எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துடறேன்."

"பார்க்கலாம்மா."

"நானும் பார்க்கலாம்தான் சார்" என்று போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. பாடகர் குழு சார்பில் நானும் அதில் உறுப்பினர். போதகர் ஏசுபாதம் எங்களுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்லவர், ஆனால் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஹெப்சியைத் தனி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எனக்கு அந்த நாற்காலியைப் பார்த்ததுமே கோபம். நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

தபீதாள் முதலில் பேசினார். "குடும்ப மானத்தை இப்படி ரோட்டுல கொண்டுவந்து போட்டுட்டியே. இதுக்கா உன்னை மகள் மாதிரி வெச்சிருந்தேன்?"

ஹெப்சி குரலை உயர்த்தவில்லை. "அத்தை, உங்க பிள்ளை என்னை ரோட்டுலதான் அடிச்சார். கேட்டுக்கு வெளியில. நீங்க உள்ளேருந்து கதவைச் சாத்தினீங்க. அன்னிக்கு ரோட்டுல மானம் இல்லையா?"

தபீதாள் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அன்றைக்கு எனக்கு மனசில்லை.

தனசிங் சார் ஒரு சமாதானம் கொண்டுவந்தார். பட்டியலிலிருந்து திருமண நாளை எடுத்துவிடலாம். ஹெப்சியையும் ஜெரூஷாவையும் ஹெப்சியின் அப்பா அட்டையில் சேர்த்துவிடலாம். அவள் கமென்ட்டை எடுத்துவிட வேண்டும்.

"எனக்கு முப்பத்தேழு வயசு சார். வீட்டு வாடகை நான் குடுக்கிறேன், கரன்ட் பில் என் பேர்ல வருது. நான் எதுக்கு எங்கப்பா அட்டையில போய் நிக்கணும்?"

"குடும்பத் தலைவர்னு ஒரு ஆம்பளை பேர் இருக்கணும்மா. விதவைன்னா பரவாயில்ல, விதவைக்குத் தனி அட்டை விதியில இருக்கு."

"அப்போ அவர் செத்தாதான் எனக்கு அட்டையா சார்?"

சமோசாத் தட்டை யாரும் தொடவில்லை. போதகர் ஏசுபாதம் தலையைக் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெப்சி கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது தளத்தோட பாஸ்வேர்ட், ஃபேஸ்புக் பக்கத்தோட பாஸ்வேர்ட் ரெண்டும். நான் எதையும் பூட்டி வெச்சுக்கல. யார் வேணும்னாலும் உள்ள போய் அந்த நாலு வரியை அழிங்க. எந்த போன்லேருந்து அழிச்சாங்கன்னு அதுல பதிவாகும், அவ்ளோதான். என் கையால அழிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அத்தனை பெரிய மனுஷர்கள், ஒரு சீட்டு, அதைத் தொட ஒரு கை இல்லை. ஒலிபெருக்கி பார்க்கிற ஜேசனைக் கூப்பிட்டார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன், சபைக்கு ரீல்ஸ் எடுத்துப் போடுகிறவன். அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், எனக்கு அந்த பட்டன் எங்க இருக்குன்னே தெரியாது" என்றான். நல்ல பிள்ளை.

கடைசியில் தனசிங் சார் சனிக்கிழமை சபை அலுவலகத்தில் தானே உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனவர், கமென்ட்டைக் கண்டுபிடிக்க முடியாமல், பிளக்-இன்கள் என்று இருந்த வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாக அணைத்திருக்கிறார். ஷேர் பட்டன்கள் போயின. முகப்பில் வந்த பதிவுகள் போயின. நேரலை லிங்க்கும் போனது. தளம் பழையபடி புதைகுழிக் கட்டணத்தோடு நின்றது. ஃபேஸ்புக்கில் ஹெப்சியின் நான்கு வரி அசையாமல் இருந்தது. துபாய்க்காரர்கள், நாளைக்கு ஆராதனையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டு அவருக்கே போன் மேல் போன். அவர் வேறு வழியில்லாமல் ஹெப்சியைக் கூப்பிட்டார். "வயசானவங்க பார்ப்பாங்க, நேரலையை மட்டும் போட்டுத் தர்றேன் சார். மத்தது அட்டை வந்ததும்" என்றாள். அப்படியே செய்தாள்.

ஞாயிறு காலை சபை நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். வம்புக்கு என்றால் நம் ஜனங்களுக்குக் கால் வலி இருக்காது. ஹெப்சி வழக்கமான வெள்ளைச் சேலையில் என் பக்கத்தில் நின்றாள். முதல் வரிசையில் தபீதாள்.

திருமண நாள் பெயர்கள் வந்தன. தனசிங் சார் வாசித்தார். ஒரு ஜோடி எழுந்து வந்தது. இன்னொரு ஜோடி. பிறகு அந்த இருமல் வந்தது. இத்தனைக்கும் பிறகும் அதே இருமல். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ஹெப்சி பாட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். பாடகர் குழுவை விட்டு இறங்கி, பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெரூஷாவின் கையைப் பிடித்து எழுப்பி, இருவருமாக நடந்து போய், பீடத்துக்கு முன்னால் அந்த ஜோடிகளின் வரிசையில் நின்றார்கள். தனசிங் சாரின் வாசிப்பு பாதியில் நின்றது. கீபோர்டு வாசிக்கிறவர் அவரைப் பார்க்கிறார், அவர் போதகரைப் பார்க்கிறார், யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. திருமண நாளுக்குப் பாடுகிற பாட்டை நான் ஆரம்பித்தேன். சுருதி எங்கே இருந்ததோ தெரியாது. என்னோடு பாடகர் குழு சேர்ந்தது, பிறகு சபையும் சேர்ந்தது. தொடங்கிய பாட்டை நடுவில் விட எங்கள் ஜனங்களுக்கு மனம் வராது.

போதகர் ஏசுபாதம் ஒவ்வொரு ஜோடியாக ஜெபித்துக்கொண்டு வந்து ஹெப்சி முன்னால் நின்றார். அவர் சட்டையில் மாட்டியிருந்த மைக் வேலை செய்துகொண்டிருந்தது. நேரலையும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். சபை முழுக்கக் கேட்டது.

"நாலு வருஷம் அடி வாங்காம இருந்திருக்கேங்க ஐயா. ஸ்தோத்திரம் பண்ண வந்தேன்."

போதகர் அவளையே பார்த்தார். பிறகு ஜெரூஷாவைப் பார்த்தார். "யார் பேரைச் சொல்லி ஜெபிக்கணும்?" என்று கேட்டார்.

"ஹெப்சி குடும்பம்னு சொல்லுங்க ஐயா."

அவர் இருவர் தலையிலும் கை வைத்தார். "ஆண்டவரே, ஹெப்சி குடும்பத்துக்காக நன்றி சொல்கிறோம்" என்று ஆரம்பித்தார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை, இரண்டு பாட்டுப் புத்தகம். ஆமென் சொன்னபோது முதல் வரிசையைப் பார்த்தேன். தபீதாள் வாய் திறக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

பீடத்துக்கு முன்னால் போதகர் சொல்லி ஆமென் போட்டதை விதியைக் காட்டி மறுக்க தனசிங் சாருக்கு நாக்கு வரவில்லை. அந்த வாரமே அட்டை வந்தது. ஹெட்மாஸ்டர் கையெழுத்து, அச்சு மாதிரி இருந்தது. குடும்பத் தலைவர்: ஹெப்சி. மகள்: ஜெரூஷா. ஹெப்சி சொன்னபடி அன்றைக்கே பதிவையும் அந்த நான்கு வரியையும் சேர்த்து எடுத்தாள். அதற்குள் ஊர் முழுக்கப் படித்துவிட்டது என்பது வேறு விஷயம். அணைத்துவைத்திருந்த பிளக்-இன்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள், அந்த வாழ்த்து பிளக்-இன் ஒன்றைத் தவிர.

அதைப் போட்டுத்தரச் சொல்லி இந்த வருஷம் ஜனவரியில் தனசிங் சார் புதுப் பட்டியலோடு வந்தார். பாடல் ஒத்திகை முடிந்து நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஹெப்சி பட்டியலை வாங்கிப் புரட்டினாள். ஒரு பெயரையும் அவள் குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

"சார், இதுல நீங்க இருமிட்டுத் தாண்டிப் போற பேர் இன்னும் இருக்கா?"

தனசிங் சார் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு கையை நீட்டிப் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஒரு வாரம் டைம் குடும்மா."

"எடுத்துக்குங்க சார். ஆனா நீங்களா திருத்தாதீங்க. அவங்கவங்ககிட்டயே கேளுங்க."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வழக்கம்போல ஆண்கள் பக்கத்து வாசலில் கைகுலுக்க நிற்கவில்லை. பட்டியலும் பேனாவுமாகப் பெண்கள் பக்கம் வந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில், யாரிடம் முதலில் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.